காளானின் மேல் முளைப்பவை

மாரி பிடித்து முதல் இடி இடித்தால், மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் விடியப்புறமே ஆட்கள் புற்றுக்காளான் தேடிப் புறப்பட்டுவிடுவார்கள். இடி இடித்தால்தான் காளான் முளைக்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோர் வாயிலும் இருக்கிற பேச்சு. தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தால் அதற்கு முன்னால் இறைச்சிக்கறி நிற்காது. எனக்கும் அந்தக் கறி பிடிக்கும். ஆனால் காட்டோரத்துக்குப் போக நான் விரும்பும் காலம் அதற்குப் பிந்தியது. பிடுங்குகிறவர்கள் பிடுங்கிக்கொண்டு போய், மிஞ்சிய காளான்கள் சரிந்து, ஈ மொய்த்து, பழுதாகிவிட்டது என்று எல்லோரும் கைவிட்ட பிறகு, ஒரு பங்கசின் (பூஞ்சையின்) மேல் இன்னொரு பங்கசு ஏறி அதைத் தின்னத் தொடங்கியிருக்கும். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது.

பதுளை வீதியால் கரடியனாறு தாண்டிப் போனால் வயலும் காடும் கலந்த இடங்கள் தொடங்கும். பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற வரண்ட வலயக் காடு. வருடத்தில் பாதிக்கு மேல் மழையைக் காணாத மண். வடகீழ்ப் பருவமழை வந்ததும் அத்தனை மாதம் காய்ந்து கிடந்த கொப்புகள் எல்லாம் ஒன்றாக ஊறுகின்றன. அதனால் மலைநாட்டில் வருடம் முழுக்கப் பரவி நடப்பது இங்கே கார்த்திகை, மார்கழி, தை என்ற மூன்று மாதத்துக்குள் நெருக்கியடித்து நடக்கிறது. யானை நடமாட்டம் உள்ள இடம் என்பதால் தனியே போவதில்லை. வெயில் ஏறிய பிறகு, இடம் தெரிந்த ஒருவரோடு, கையில் யானை வெடியோடு போவதுதான் வழக்கம்.

கடந்த மாரியில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். விழுந்து கிடந்த ஒரு கொப்பில் வரிசையாக வெள்ளைத் தட்டுக்காளான்கள். அவற்றில் ஒன்று மட்டும் பச்சையாக இருந்தது. பாசி என்று நினைத்துக் கடந்துபோகிற பச்சைதான். கைவில்லையை வைத்துப் பார்த்தபோது மூன்று வளையங்கள் தெரிந்தன. வெளி ஓரத்தில் தூய வெள்ளை இழைகள், இப்போதுதான் முன்னேறிக்கொண்டிருப்பவை. அதற்கு உள்ளே இளமஞ்சள் கலந்த வெளிர்பச்சை. நடுவில் கரும்பச்சைத் தூள், சின்னச் சின்ன மெத்தைகளாக. தட்டின் அடிப்பக்கத்தில் இருக்க வேண்டிய நுண்துளைகள் அந்த இடத்தில் அடைபட்டுப் போயிருந்தன. துளைகள் வழியாகத்தான் அந்தக் காளான் தன் வித்திகளை, விதைபோலப் பரவும் நுண்தூளை, உதிர்க்கும். இனி அந்தத் தட்டிலிருந்து புறப்படப் போவது பச்சைக்காரனின் வித்திகளே.

அந்தப் பக்கத்தில் பட்டி வைத்திருக்கும் மாமாவும் அன்றைக்குக் கூட வந்திருந்தார். மாடு தேடிக் காட்டுக்குள் போய்ப் பழகியவர்.

“என்ன மனே, பூஞ்சணத்தப் போய் இவ்வளவு நேரமாப் பாக்கிறாய்?” என்றார். கைவில்லையைக் கொடுத்தேன். குனிந்து பார்த்தார், கொப்பைப் புரட்டினார், மறுபடி பார்த்தார். பிறகு கேட்டார்: “கொப்பு முழுக்க உக்கித்தானே கிடக்கு. அப்ப ஏன் இது கொப்பில பிடிக்காம இந்தக் காளான்ல மட்டும் பிடிச்சிருக்கு?”

இந்த விஷயத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். பதில் நைதரசனில் இருக்கிறது. மரம் என்பது பெரும்பாலும் செலுலோசும் இலிக்னினும். அதில் ஒரு பங்கு நைதரசனுக்குப் பல நூறு பங்கு காபன் இருக்கும். உடல் கட்டுவதற்குப் புரதம் வேண்டும், புரதத்துக்கு நைதரசன் வேண்டும். மரத்தைத் தின்று வாழும் பங்கசு அந்தக் கொஞ்ச நைதரசனையும் கொப்பு முழுவதும் இழை ஓட்டித் துளித்துளியாகச் சேர்த்து, கடைசியில் ஒரு காளானாகத் திரட்டி வெளியே நீட்டுகிறது. அந்த உடலில் ஒரு பங்கு நைதரசனுக்குக் காபன் ஏறக்குறைய பத்துப் பங்குதான். முழுக் கொப்பிலும் தேடிச் சேர்த்த செல்வம் ஒரே இடத்தில் குவிந்து நிற்கும்போது, அதை எடுக்க ஒருவன் வராமல் இருப்பானா?

வந்தவன் அநேகமாக ட்ரைக்கோடேர்மா என்ற பேரினத்தைச் சேர்ந்தவன். எந்த இனம் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு மரபணுவைப் படிக்க வேண்டும். பங்கசு ஆய்வாளர் பேர்சூன் 1794இல் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தபோது இது என்ன தொழில் செய்கிறது என்பது தெரியாது. 1932இல் ரிச்சர்ட் வைன்ட்லிங் அமெரிக்காவில் அதை விளக்கமாக எழுதினார். நாற்றுகளை அழுகவைக்கும் ரைசொக்ரோனியா என்ற பங்கசை ட்ரைக்கோடேர்மா தேடிப்போய்ப் பிடிக்கிறது. அதன் இழை எதிரியின் இழையை, மயிற்றங்கொடி கம்பில் ஏறுவது போலச் சுற்றிச் சுற்றி வளைக்கிறது. சுற்றிய இடத்தில் நொதியங்களைச் சுரக்கிறது. பங்கசின் கலச்சுவர் கைற்றினாலும் குளுக்கனாலும் ஆனது. இரண்டையும் கரைக்கும் நொதியங்கள் இதனிடம் உண்டு. சுவர் ஓட்டையானதும் உள்ளே புகுந்து உறிஞ்சுகிறது. சில இனங்கள் தொடுவதற்கு முன்பே நஞ்சைக் கசியவிட்டு எதிரியைத் தளரச் செய்துவிடும்.

எவரும் வேறுமாதிரி நினைத்துவிடக்கூடிய ஒன்றை 2011இல் வந்த ஒரு மரபணு ஒப்பீடு தெளிவாக்கியது. ட்ரைக்கோடேர்மா மண்ணிலும் மரத்திலும் எங்கும் இருப்பதால், அது முதலில் உக்கலைத் தின்று வாழ்ந்து, பிறகு மற்றப் பங்கசுகளைத் தாக்கப் பழகியது என்று எண்ணத் தோன்றும். அந்த ஆய்வு நேரெதிராகச் சொன்னது. பங்கசைத் தின்பதுதான் இதன் பூர்வீகத் தொழில். இரை மரத்துக்குள் இருந்தது, அதைத் துரத்திக்கொண்டு இதுவும் மரத்துக்குள் வந்தது, வந்த இடத்தில் மரத்தையும் தின்னக் கற்றுக்கொண்டது. கற்றதில் ஒரு இனம் கெட்டிக்காரன் ஆகிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் சொலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்தித் துணிக் கூடாரங்களும் சாமான்களும் உக்கிப்போகக் காரணமாக இருந்த பங்கசுகளில் ஒன்றைத் தனியே பிரித்தெடுத்தார்கள். எல்வின் ரீஸ் என்ற ஆய்வாளரின் பெயரால் அது இன்று ட்ரைக்கோடேர்மா ரீசி. செலுலோசை உடைக்கும் நொதியத்தை உலகம் இன்று பெருமளவில் எடுப்பது இதிலிருந்துதான். புதிய ஜீன்ஸ் துணியைப் பழசாகத் தோற்றவைக்கும் கழுவலில் அந்த நொதியம் வேலை செய்கிறது.

காட்டில் இதைப் பார்த்து வியப்பது சுலபம். காளான் வளர்த்துப் பிழைக்கிறவர்களிடம் இதே பச்சையைப் பற்றிக் கேட்டால் முகம் மாறும்.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் கொட்டில் போட்டுச் சிப்பிக்காளான் செய்கிறார். 10 கிலோ மரத்தூளுக்கு 1 கிலோ தவிடு, 100 கிராம் பயற்றம்மா, 200 கிராம் கல்சியம் காபனேற்று, 20 கிராம் எப்சம் உப்பு. பிசைந்து, பையில் இறுக்கி அடைத்து, பரலில் மணிக்கணக்காக ஆவியில் வைத்து, ஆறியதும் வித்துப் போட வேண்டும். விறகு, நெருப்பு, கண்விழிப்பு எல்லாம் அவருடைய கணக்கில். பை முழுக்க வெள்ளை ஓடி முடிய முன்னர் ஒரு மூலையில் பச்சை விழுந்தால் அந்தப் பை போயிற்று. கவனிக்காமல் விட்டால் பக்கத்துப் பைகளும் போகும்.

ஏன் இந்த அளவுக்கு? அந்தப் பையில் நடப்பது காட்டுக் கொப்பில் நடப்பதுதான். ஆனால் காட்டில் சிப்பிக்காளான் இவ்வளவு நிராயுதபாணி அல்ல. மரத்துக்குள் இருக்கும் நுண்புழுக்களை மயக்கிப் பிடித்துத் தின்று நைதரசன் தேடிக்கொள்கிற வேட்டைக்காரன் அது. 1984இல் தோர்ன், பரோன் என்ற இருவர் இதைக் காட்டினார்கள். கொப்பில் அதற்கு முன்பே இடம்பிடித்தவர்களும் இருப்பார்கள். ஆளுக்கு ஆள் எல்லை வைத்துக்கொண்டு வாழ்வார்கள். பையிலோ ஆவியில் எல்லாவற்றையும் கொன்றுவிட்டு, தவிடும் பயற்றம்மாவும் போட்டு நைதரசனை அள்ளிக் கொடுத்து, ஒரே ஒரு இனத்தை அதில் விடுகிறோம். வித்து ஓடி முடியும்வரை அது காவலில்லாத வீடு. இது எங்கள் கொட்டில்களுக்கு மட்டும் வந்த தலைவலி இல்லை. 1980களின் நடுவில் வட அயர்லாந்தில் தொடங்கிய பச்சைப் பூஞ்சண நோய் பிரித்தானியாவிலும் வட அமெரிக்காவிலும் பட்டன் காளான் பண்ணைகளைப் படுத்தியெடுத்தது. சிப்பிக்காளானைப் பிடிப்பதற்கென்றே தனி ட்ரைக்கோடேர்மா இனங்கள் இரண்டைக் கொரியாவில் கண்டுபிடித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அக்கா ஒரு பையை எனக்குக் காட்டவென்று எடுத்து வெளியே கொண்டுவந்தார். கொட்டிலுக்குள் அதைத் திறக்கவே விடமாட்டார், சரியான பழக்கம் அது. பச்சைத் தூள் முழுவதும் வித்தி, ஒருமுறை பறந்தால் கூரை, சாக்கு, உடுப்பு எங்கும் ஏறும். காற்று வீசும் திசை பார்த்து, கொட்டிலுக்குக் கீழ்க்காற்றில் வேலியோரமாக வைத்துத்தான் பிரித்தார். “தம்பி, மணந்து பாருங்க. தேங்காய்ப்பூத் திருவினமாதிரி மணக்குது” என்றார். உண்மையில் மணந்தது. திருவிய தேங்காயின் இனிப்பான மணம், உக்கிய மரத்தூள் வாடைக்கு மேலே தெளிவாக. சில ட்ரைக்கோடேர்மா இனங்கள் 6-பென்டைல் பைரோன் என்ற சேர்வையை உண்டாக்குகின்றன. தேங்காய் மணத்துக்குச் சாப்பாட்டுத் தொழிற்சாலைகள் சேர்க்கும் பொருள்களில் அதுவும் ஒன்று. மற்றப் பங்கசுகளின் வளர்ச்சியை அது தடுக்கிறது. எதிரியை அடக்க விடும் நஞ்சு நமக்குச் சம்பல் மணமாக வருகிறது. இதைச் சொன்னபோது அக்கா சிரிக்கவில்லை. “அப்ப மூக்காலயே பிடிக்கலாமே” என்றார். பச்சை கண்ணுக்குத் தெரிய முன்பே மணம் வருகிறதா என்று இப்போது கவனித்து வருகிறார். அதற்காக மூக்கை வைத்து இழுத்து மணக்க வேண்டாம், வித்தி நெஞ்சுக்கு நல்லதல்ல.

கொட்டிலில் கண்டதும் எரிக்கிற இதே பங்கசைத்தான் வயல்காரர் காசு கொடுத்துப் பைக்கற்றில் வாங்குகிறார். வைன்ட்லிங் பார்த்த ரைசொக்ரோனியா எங்கள் வெள்ளாமையிலும் இருக்கிறது. நெல்லின் இலைமடலைத் தண்ணீர் மட்டத்திலிருந்து மேலாகக் கருகவைப்பது அதுதான். அதன் உறங்கும் கட்டிகள் தண்ணீரில் மிதந்து வந்து மடலில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கட்டிகளைத் துளைத்துத் தின்னக்கூடியது ட்ரைக்கோடேர்மா. 2021 மே மாதம் இரசாயனப் பசளையையும் மருந்தையும் இறக்குமதி செய்யத் தடை வந்து, அந்த வருடம் நவம்பரில் நீக்கப்படும்வரை, சேதனம் என்ற பெயரில் என்ன கிடைத்தாலும் வாங்கும் நிலைமைக்கு மட்டக்களப்பு, அம்பாறை விவசாயிகள் தள்ளப்பட்டார்கள். அந்தக் காலத்தில்தான் பலருக்கு இந்தப் பெயர் பழக்கமானது. அதனால் அதை ஒன்றில் கடவுளாக நினைக்கிறார்கள், அல்லது ஏமாற்று என்கிறார்கள்.

இரண்டும் சரியில்லை. பைக்கற்றுக்குள் இருப்பது தூள் மருந்தல்ல, உயிர். கடைக்கு முன்னால் சித்திரை வெயிலில் கிடந்த பைக்கற்றில் எத்தனை வித்தி உயிரோடு மிஞ்சும்? பங்கசு கொல்லி அடித்த கையோடு இதையும் போட்டால், இதுவும் பங்கசுதானே, அதுவும் சாகும். மூச்சுவிடக் காற்று வேண்டிய உயிர் என்பதால் தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் தூவுவதால் பெரிய பயனில்லை. விதையில் பூசலாம். நாற்றுமேடையில் போடலாம். எனக்கு எல்லாவற்றிலும் சிறந்ததாகப் படுவது வைக்கலில் சேர்ப்பது. சூடடித்த பிறகு வைக்கலைக் கொளுத்துகிறார்களே, அதைக் குவித்து, நனைத்து, சாணித் தண்ணீரோடு இதையும் விட்டால், செலுலோசைத் தின்னத் தெரிந்த அதன் இரண்டாவது தொழிலும் அங்கே நமக்கு வேலை செய்யும். கொளுத்தும் புகையில் போவது அடுத்த போகத்தின் பசளை என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

பங்கசைத் தின்னும் பங்கசுக்கும் இந்த நாட்டின் சரித்திரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் தலைவராக இருந்த துவைற்ஸ் அனுப்பிய கோப்பி இலைகளைப் பார்த்துத்தான் 1869இல் இங்கிலாந்துப் பங்கசு ஆய்வாளர் பேர்க்லி கோப்பித் துருநோய்ப் பங்கசுக்கு ஹெமிலேயா வஸ்ராற்றிக்ஸ் என்று பெயர் கொடுத்தார். அந்தத் துரு இலங்கையின் கோப்பியை அழித்தது, மலைநாடு தேயிலைக்கு மாறியது. அந்தத் துருவையும் தின்னும் ஒரு வெள்ளைப் பங்கசு உண்டு. சிம்மர்மான் 1898இல் ஜாவாவில் அதைக் கண்டு விவரித்தது கோப்பியில் ஒட்டியிருக்கும் செதில் பூச்சியின் மேல். பூச்சியைச் சுற்றி வெள்ளை வட்டம் கட்டும். அதே பங்கசு பக்கத்து இலையில் துருப் பொட்டைக் கண்டால் அதன் மேலும் ஏறிக்கொள்ளும். பூச்சியையும் பங்கசையும் ஒரே வாயால் தின்பது எப்படி என்று யோசித்தால், பூச்சியின் தோலிலும் பங்கசின் சுவரிலும் இரண்டிலுமே கைற்றின் இருக்கிறது. மெக்சிக்கோவின் கோப்பித் தோட்டங்களில் பூச்சி பெருகி, வெள்ளை வட்டமும் பெருகுகிற இடங்களில் துரு என்ன ஆகிறது என்று வருடக்கணக்காக ஆராய்ந்திருக்கிறார்கள். செதில் பூச்சியை எறும்பு காக்கிறது, பூச்சியில் வெள்ளைப் பங்கசு பெருகுகிறது, அது துருவின் மேல் பாய்கிறது. ஒரு பூச்சியைக் கண்டதும் மருந்தடிக்கிற கை அந்தச் சங்கிலியில் எதை அறுக்கிறது என்று சொல்ல முடியாது.

வெளிநாட்டுப் படங்களில் அடிக்கடி வரும் செம்மஞ்சள் காளான் ஒன்று உண்டு. ருசுலா பேரினத்து வெள்ளைக் காளான் ஒன்றை ஹைப்போமைசஸ் என்ற பங்கசு மூடிப் போர்த்து, நிறத்தையும் உருவத்தையும் மாற்றிவிடுவது. வட அமெரிக்காவில் அதைத் தேடிப் பிடுங்கிச் சாப்பிடுகிறார்கள். ஐரோப்பாவில் கருத்து அழுகும் ருசுலாவின் தலையில் குட்டிக் காளான்கள் குடையோடு முளைத்து நிற்கும். அழகான காட்சிகள். ஆனால் அவற்றை எங்கள் பக்கத்தில் தேடிக் களைக்க வேண்டாம். ருசுலா சில மரங்களின் வேரோடு கூட்டு வைத்து வாழ்வது. சிங்கராஜப் பக்கத்து ஹோரா மரங்கள் அப்படிப்பட்டவை, பாலையும் வீரையும் அந்தக் கூட்டுக்குப் பேர்போனவை அல்ல. எங்கள் காட்டில் இரையாவது மரத்தை உக்கவைக்கிறவர்கள், பார்க்க வேண்டியதும் அவர்களைத்தான். வேறு காளானை மூடியிருக்கும் எதையும் இங்கே யாரும் சாப்பிடப் பார்க்க வேண்டாம். கீழே இருப்பது எது என்றே தெரியாதபோது நஞ்சு எது என்று எப்படித் தெரியும்?

எங்கள் கொப்புகளில் பார்க்கக்கூடியதில் எனக்கு மிகப் பிடித்தது ட்ரெமெல்லா என்ற பங்கசு. மழை நாளில் செத்த கொப்பில் வெள்ளையாக, கண்ணாடித்தன்மையோடு, மடிப்பு மடிப்பாக விரிந்து நிற்கும். வெயில் ஏறினால் சுருங்கிப் பொருக்காகிவிடும், மறுபடி நனைந்தால் விரியும். சீனாவில் இதைக் காயவைத்து இனிப்புக் கஞ்சியிலும் சூப்பிலும் போடுகிறார்கள். மரத்தை உடைத்துத் தின்ன இதற்குத் தெரியாது. அதே கொப்பில் பட்டையோடு பட்டையாகக் கரிக்கட்டிபோல் படிந்திருக்கும் அனுலோஹைப்பொக்சிலன் என்ற கருத்த பங்கசுதான் மரத்தை உடைக்கிறது. அதன் இழையில் ஒட்டி வெள்ளைக்காரி வாழ்கிறாள். சீனத்துப் பண்ணைகளில் இரண்டையும் சேர்த்துத்தான் விதைக்கிறார்கள், ஒன்றை மட்டும் போட்டால் விளையாது. ஆகவே வெள்ளையைக் கண்டால் அதைச் சுற்றியுள்ள பட்டையைப் பாருங்கள்.

கறையான் புற்றில் வேறொரு காத்திருப்பு நடக்கிறது. நாம் கறிவைக்கும் புற்றுக்காளான், கறையான் வளர்க்கும் பங்கசுத் தோட்டத்திலிருந்து வருவது. 1905இல் பேராதனைக்கு வந்த பங்கசு ஆய்வாளர் தொம் பெச், அடுத்த வருடமே இலங்கைப் புற்றுகளைப் பற்றி விரிவாக எழுதினார். தோட்டத்தில் சைலேரியா என்ற கருத்த விரல் காளானும் மறைந்து இருக்கிறது, கறையான் இருக்கும்வரை அது தலைகாட்டுவதில்லை. கறையான் போனதும் தோட்டம் முழுவதும் அதன் கையில். பாழ்விழுந்த புற்றில் மெல்லிய கருத்த விரல்கள் கூட்டமாக நிற்பதைக் கண்டவர்கள் இனி அதன் கதையையும் அறிவார்கள்.

பெச் காலத்திலிருந்து இலங்கைப் பங்கசுப் பதிவுகளில் மலைநாட்டுப் பேராதனையும் ஹக்கலவும் திரும்பத் திரும்ப வரும். கிழக்கின் வரண்ட காடு அதில் மிகக் குறைவு. வாகரையிலோ, உன்னிச்சையிலோ, சாகாமத்திலோ, லகுகலையிலோ இந்த மாரியில் காளானின் மேல் எதையாவது கண்டால், மேலே இருப்பதை மட்டும் கிட்ட வைத்துப் படம் எடுத்துவிட்டு வராதீர்கள். கீழே இருக்கும் காளானின் அடிப்பக்கம் (துளையா, செவுளா என்று தெரியும்படி), அது நிற்கும் கொப்பு, அந்த மரத்தின் பட்டை, மூன்றையும் எடுங்கள். அளவுக்கு ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியைப் பக்கத்தில் வையுங்கள். முடிந்தால் மரத்தின் பெயரை அந்த இடத்து ஆட்களிடம் கேட்டு எழுதுங்கள். அந்தப் பெயர் படத்தில் வராது.